அயோடின், அயோடைடு, அயோடேட்: எது எதற்கு?

உப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் 'பொட்டாசியம் அயோடேட்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அணு உலை விபத்துச் செய்திகளில் 'பொட்டாசியம் அயோடைடு' மாத்திரை என்று வருகிறது. காயத்துக்குப் போடும் பழுப்பு மருந்தின் மேல் 'போவிடோன் அயோடின்' என்று இருக்கிறது. மூன்றும் ஒன்றுதானா, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் இவற்றில் எதைத் தவிர்க்க வேண்டும், எதைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பலரும் கேட்கிறார்கள். மூன்றிலும் இருக்கும் தனிமம் ஒன்றே. ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் பயன்படுத்தக் கூடாது. ஏன் என்று தெரிந்துகொள்ள முதலில் இந்தப் பெயர்களைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது கடினமான காரியம் அல்ல.

1811-இல் பிரான்சில் போர்க்காலம். வெடிமருந்துக்கான வெடியுப்பைத் தயாரிக்கும் தொழிலில் இருந்தவர் பெர்னார் கூர்த்வா. கடற்பாசியை எரித்த சாம்பலிலிருந்து அந்தத் தொழிலுக்கு வேண்டிய உப்புகளை எடுத்துவந்தார். ஒருநாள் கந்தக அமிலம் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட, பாத்திரத்திலிருந்து ஊதா நிற ஆவி எழுந்தது. குளிர்ந்த இடத்தில் பட்டதும் கருமையாகப் பளபளக்கும் படிகங்களாகப் படிந்தது. அது ஒரு புதிய தனிமம் என்று 1813-இல் உறுதியானது. ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வேதியியலாளர் கே-லுசாக் அதற்கு 'இயோட்' என்று பெயர் வைத்தார். அப்போது பாரிசுக்கு வந்திருந்த ஆங்கிலேயர் ஹம்ப்ரி டேவி, குளோரின் என்ற பெயரோடு ஒத்துப்போகட்டும் என்று கடைசியில் 'இன்' சேர்த்தார். நாம் சொல்லும் அயோடின் அந்த வழியில் வந்தது.

அதன் சேர்மங்களுக்கு வந்த 'ஐடு', 'ஏட்' என்ற ஈறுகள் இன்னும் பழையவை. 1787-இல் கிதோன் த மொர்வோ, லவாசியே, பெர்தொலே, ஃபூர்க்ருவா என்ற நால்வர், ஒரு பொருளின் பெயரைக் கேட்டாலே அதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்ற கொள்கையோடு ஒரு பெயரிடும் முறையை வெளியிட்டார்கள். இன்றும் பள்ளிப் புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் அந்த முறைதான். 'ஏட்' என்று முடிந்தால் ஆக்சிஜனும் உடன் இருக்கிறது. 'ஐடு' என்பது ஆக்சைடு என்ற பெயரைப் பார்த்து வந்த ஈறு. அயோடைடு, குளோரைடு போன்ற பெயர்களில் அந்தத் தனிமம் ஓர் உலோகத்தோடு நேராகச் சேர்ந்திருக்கிறது, நடுவில் ஆக்சிஜன் இல்லை என்று பொருள். ஆக, அயோடைடில் ஆக்சிஜன் இல்லை. அயோடேட்டில் ஓர் அயோடின் அணுவோடு 3 ஆக்சிஜன் அணுக்கள். வெறும் அயோடின் என்றால் இரண்டு அயோடின் அணுக்கள் தமக்குள் இணைந்த, எதையும் தாக்கத் துடிக்கும் தனி நிலை.

ஓர் ஈறு மாறினால் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். சோடியம் குளோரைடு நம் சாப்பாட்டு உப்பு. சோடியம் குளோரேட் களைக்கொல்லி.

இப்போது உடலுக்கு வருவோம். கழுத்தின் முன்புறம் இருக்கும் தைராய்டு சுரப்பி, ரத்தத்திலிருந்து அயோடைடை மட்டுமே இழுத்துக்கொள்ளும். அதைக் கொண்டு தைராக்ஸின் என்ற ஹார்மோனைச் செய்கிறது. அதன் ஒரு மூலக்கூறில் 4 அயோடின் அணுக்கள். ஆய்வக அறிக்கையில் 'டி4' என்று வருவதற்கு அதுதான் காரணம். ஓர் அணு கழன்றால் 'டி3'. நாம் உப்பில் சாப்பிடும் அயோடேட், உடலுக்குள் போனதும் ஆக்சிஜனை இழந்து அயோடைடாக மாறிவிடுகிறது. அதற்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அப்படியானால் உப்பில் நேராக அயோடைடையே போட்டுவிடலாமே? அமெரிக்காவில் அப்படித்தான் போடுகிறார்கள்; கெடாமல் இருக்கக் கொஞ்சம் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரையும் சேர்க்கிறார்கள். நம் ஊர்ச் சூடும் ஈரக்காற்றும் வேறு. ஈரம் பட்ட உப்பில் அயோடைடு காற்றோடு வினைபுரிந்து தனி அயோடினாக மாறி ஆவியாகிப் போய்விடும். அயோடேட் அவ்வளவு எளிதில் கலையாது. அயோடேட்டும் பயன் தரும் என்பதை இந்தியாவில் களத்திலேயே பார்த்துவிட்டார்கள். இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வில் ஒரு பகுதிக்கு அயோடைடு சேர்த்த உப்பும், இன்னொரு பகுதிக்கு அயோடேட் சேர்த்த உப்பும், மூன்றாம் பகுதிக்குச் சாதா உப்பும் தரப்பட்டன. சில ஆண்டுகளில் முதல் இரண்டு பகுதிகளிலும் முன்கழுத்துக் கழலை (தைராய்டு வீக்கம்) நன்றாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்ததற்கு அந்த ஆய்வு அடிப்படை. இன்று இந்திய உப்பில் சேர்க்கப்படுவது அயோடேட். பாக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்த்து, ரசாயனம் கலந்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

கடலோரத்தில் இருப்பவர்கள் வழக்கமாக எழுப்பும் ஒரு சந்தேகம் உண்டு. கடல் தண்ணீரில்தான் அயோடின் இருக்கிறதே, தூத்துக்குடி உப்பளத்தில் விளையும் உப்பில் அது இயற்கையாகவே இருக்காதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அயோடினோ சுமார் 60 மைக்ரோகிராம் (ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அத்தனையும் உப்போடு தங்கினாலும் 10 கிராம் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் வரும். உண்மையில் அதுவும் தங்குவதில்லை. பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடலுப்பு, இந்துப்பு, நிறம் மாறிய விலையுயர்ந்த உப்பு எதுவாக இருந்தாலும் தனியாகச் சேர்க்காவிட்டால் அயோடின் போதாது.

விற்பனைக்கு வரும் அயோடின் உப்பில் குறைந்தது 15 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 15 பங்கு) அயோடின் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிராம் உப்பு சாப்பிட்டால் 150 மைக்ரோகிராம் கிடைத்துவிடும். ஆனால் ரத்த அழுத்தம் கருதி 5 கிராமுக்குள் நிறுத்துங்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறோமே, இது முரண்பாடு இல்லையா? இல்லை. பாக்கெட்டில் அளவு பெரும்பாலும் 15-க்கு மேல்தான் இருக்கும். பால், தயிர், முட்டை, கடல் மீன் ஆகியவையும் அயோடின் தருகின்றன. அயோடினுக்காக உப்பைக் கூட்டாதீர்கள். போடும் கொஞ்சம் உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

பற்றாக்குறையின் அடையாளங்கள் மெதுவாக வருபவை. வேண்டிய அயோடைடு கிடைக்காத சுரப்பி, கிடைத்ததைப் பிடிக்க முயன்று பெருக்கிறது; கழுத்தின் முன்பக்கம் வீக்கம் தெரிகிறது. சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுதல், தோல் வறட்சி, மாதவிலக்கில் ஒழுங்கின்மை ஆகியவை ஹைபோதைராய்டிசத்தின் (தைராய்டு சுரப்புக் குறைவின்) அறிகுறிகள். இவை வேறு பல நோய்களிலும் வரும். எனவே அறிகுறியை வைத்து நீங்களே முடிவு செய்யாமல் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெரிய இழப்பு வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத்தான். முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் முழுவதும் தாயிடமிருந்தே வர வேண்டும். அதனால்தான் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் தேவை 250 மைக்ரோகிராமாக உயர்கிறது. கடுமையான பற்றாக்குறை கருச்சிதைவுக்கும், கிரெட்டினிசத்துக்கும் (பிறவியிலேயே மூளை, உடல் வளர்ச்சி தடைப்படுவதற்கும்) காரணமாகலாம்.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். தைராய்டு குறைவு என்று அறிக்கை வந்தால் அயோடின் குறைவு என்று அர்த்தம், எனவே அயோடின் சொட்டு மருந்தோ, கடற்பாசி மாத்திரையோ வாங்கிச் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்பது அந்த முடிவு. அயோடின் உப்பு பரவலாகப் புழங்கும் இடங்களில் சுரப்புக் குறைவுக்கு முதன்மைக் காரணம் ஹாஷிமோட்டோ நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்குவது). அந்தச் சுரப்பிக்கு அயோடைடைக் கொட்டினால் நிலைமை மோசமாகலாம். அளவுக்கு மீறிய அயோடைடு வந்தால் ஆரோக்கியமான சுரப்பியே சில நாட்கள் உற்பத்தியை நிறுத்திவிட்டு, பிறகுதான் மீளும். நோயுற்ற சுரப்பிக்கு மீளும் திறன் குறைவு. நீண்ட நாள் கழலை உள்ள முதியவர்களிடம் இதற்கு நேர்மாறாக, சுரப்பு கட்டுக்கடங்காமல் கூடிப் படபடப்பு, எடை இழப்பு, கை நடுக்கம் வரலாம். கடற்பாசி மாத்திரைகளில் அயோடின் அளவு ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும். 'இயற்கை' என்ற ஒட்டுச்சீட்டு அந்த அளவைச் சொல்லாது.

தைராக்ஸின் மாத்திரை எடுப்பவர்கள் அயோடின் உப்பை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். வீட்டில் எல்லாரும் சாப்பிடும் அதே உப்பு போதும். அந்த உப்பை நிறுத்திவிட்டதாகப் பெருமையோடு சொல்லும் நோயாளிகளைப் பார்க்கும்போது எனக்குக் கவலைதான் வருகிறது. அதே அடுப்பில்தான் வீட்டுக் குழந்தைகளுக்கும் சமைக்கிறார்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், மரவள்ளிக்கிழங்கு சாப்பிடக் கூடாது என்ற பட்டியலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவற்றில் அயோடைடு சுரப்பிக்குள் நுழைவதைத் தடுக்கும் பொருட்கள் இருப்பது உண்மை. ஆனால் அயோடின் போதிய அளவு கிடைப்பவர் வேகவைத்து, அளவாகச் சாப்பிடுவதால் பாதிப்பு இல்லை. மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் எடுப்பதும், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளி எடுப்பதும் அந்தப் பட்டியலைவிட முக்கியம்.

விலக்கு ஒன்று உண்டு. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை பெறப்போகிறவர்களை, அதற்கு முன் ஒன்று அல்லது இரண்டு வாரம் அயோடின் குறைந்த உணவில் இருக்கச் சொல்வோம். சுரப்பித் திசு பசியோடு இருந்தால்தான் மருந்தை இழுக்கும். அது மருத்துவர் நாள் குறித்துச் சொல்லும் காலத்துக்கு மட்டும்.

சமையலறையில் செய்ய வேண்டியவை சில. நம் பக்கம் கல் உப்பு விரும்பிகள் அதிகம். தூள் உப்பில் சுவை இல்லை என்பார்கள். கல் உப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் கல் உப்பில் அயோடேட் கரைசலைத் தெளித்துத்தான் சேர்ப்பார்கள். அது பெரும்பாலும் படிகத்தின் மேற்பரப்பில் இருக்கும். அழுக்குப் போகட்டும் என்று அதை அலசினால் அழுக்கோடு அயோடேட்டும் போய்விடும். ஈரம் போக வாணலியில் வறுப்பதும், அடுப்பு மேடை ஓரத்தில் திறந்து வைப்பதும் வேண்டாம். பழைய மண் பானையில் உப்பு கசிந்து வெளிச்சுவரில் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஈரத்தோடு அயோடேட்டும் கீழே இறங்கும். மூடி இறுக்கமாக உள்ள பீங்கான் ஜாடியோ, கண்ணாடிப் புட்டியோ நல்லது. ஓரிரு மாதத்தில் தீரும் அளவுக்கு வாங்குங்கள். முடிந்த இடத்தில் உப்பைக் கடைசியில் சேருங்கள். கொதியில் ஒரு பங்கு இழப்பு இருக்கும், அதற்காகக் கலங்க வேண்டாம்.

உப்பில் உண்மையிலேயே அயோடின் இருக்கிறதா என்று பார்க்க, சுகாதாரப் பணியாளர்கள் ஒரு சொட்டுத் திரவம் வைத்திருப்பார்கள். அதில் ஸ்டார்ச், கொஞ்சம் அமிலம், அயோடைடு மூன்றும் உண்டு. உப்பில் உள்ள அயோடேட் அந்த அயோடைடோடு வினைபுரிந்து தனி அயோடினை வெளிவிடும். அயோடின் ஸ்டார்ச்சைத் தொட்டதும் நீல ஊதா நிறம் வரும். கூர்த்வா கண்ட தனிமம் ஒரு சிட்டிகை உப்பில் நம் கண்முன் தோன்றும் என்பது எனக்கு இன்றும் பிடித்த காட்சி. நிறம் வந்தால் அயோடின் இருக்கிறது என்று பொருள். சரியான அளவை அது சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும்.

அயோடைடு மாத்திரை வேறு கதை. அணு உலை விபத்தில் வெளிவரும் கதிரியக்க அயோடினின் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) 8 நாள். அது சுரப்பிக்குள் புகுமுன் சாதாரண அயோடைடைக் கொடுத்து இடத்தை நிரப்பிவிடுவதுதான் இந்த மாத்திரையின் வேலை. பெரியவருக்கு 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு. அதில் அயோடின் 100 மில்லிகிராம், அதாவது அன்றாடத் தேவையைப் போல 600 மடங்குக்கு மேல். குழந்தைகளுக்கு வயதுக்கேற்ப அளவு குறையும். 1986-இல் செர்னோபில் விபத்தின்போது போலந்து அயோடைடைப் பெருமளவில் விநியோகித்தது. பயன் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் அதிகம். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குக் குறைவு. வேறு கதிரியக்கப் பொருட்களிடமிருந்தும், உடலின் மற்ற உறுப்புகளுக்கும் இது பாதுகாப்புத் தராது. எனவே கல்பாக்கம், கூடங்குளம் பக்கத்தில் வசிப்பவர்கள் அதிகாரிகள் சொன்னால் மட்டும், சொன்ன நேரத்தில் எடுக்க வேண்டும். வதந்தி கேட்டு முன்கூட்டியே விழுங்குவதில் தீங்குதான் உண்டு. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்தையடுத்து சீனாவில் மக்கள் கடைகளில் குவிந்து உப்பை வாங்கித் தீர்த்தார்கள். கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பில் 100 மில்லிகிராம் பெற வேண்டுமானால் 3 கிலோவுக்கு மேல் உப்பைத் தின்றாக வேண்டும். அயோடைடு காப்பாற்றுமுன் உப்பு கொன்றுவிடும்.

போவிடோன் அயோடின் தோலுக்கு மேல் மட்டும். 10 சதவீதக் கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 10 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. அது கிருமியைக் கொல்லும் தனி அயோடின். தைராய்டுக்கு நல்லது என்று சொட்டுக் கணக்கில் தண்ணீரில் கலந்து குடிக்கும் வழக்கம் எந்த வடிவத்திலும் வேண்டாம். பச்சிளம் குழந்தையின் தொப்புளிலும், பெரிய தீப்புண்ணிலும் மருத்துவர் சொல்லாமல் பூசாதீர்கள். தோல் வழியே உறிஞ்சப்படும் அயோடின் குழந்தையின் சுரப்பியை அடக்கிவிடும்.

மருந்துச் சீட்டிலும் இந்த வேர்ச்சொல்லைக் கண்டுபிடிக்கலாம். இதயத் துடிப்புச் சீர்கேட்டுக்குத் தரும் அமியோடரோன் பெயருக்குள்ளேயே 'அயோடு' ஒளிந்திருக்கிறது. 200 மில்லிகிராம் மாத்திரையில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் அயோடின். அதை எடுப்பவர்கள் தொடங்குமுன்னும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மருந்தை மட்டும் தாமாக நிறுத்தவே கூடாது. சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் அயோஹெக்சால் போன்ற சாயங்களும் அயோடின் கொண்டவையே. தைராய்டு கோளாறு இருந்தால் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்பே சொல்லுங்கள். 'எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, அதனால் அயோடின் அலர்ஜி' என்பது பரவலான தவறான எண்ணம். இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள ஒரு புரதம். அயோடின் உப்பை அதற்காக விடத் தேவையில்லை.

கர்ப்பிணி உள்ள வீட்டாரிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். குழந்தை பிறந்து மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு துளி ரத்தத்தில் டி.எஸ்.எச். பார்த்துவிடலாம். பிறவிச் சுரப்புக் குறைவு இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்குவது மூளையைக் காப்பாற்றும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்புமுன் அந்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். செய்யாவிட்டால் எங்கே, எப்போது செய்வது என்று எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.